ஐயாவின் பிம்பம் நேராக விழ வேண்டியது குறித்து

எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வகம் முதல் மாடியில் இருக்கிறது. மைதானத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய ஜன்னல். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் குவிலென்சின் குவியத்தொலைவு காண்பது என்று ஒன்று உண்டு. லென்சை ஜன்னலைப் பார்த்து வைத்து, தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளின் பிம்பத்தை வெள்ளைத் திரையில் தெளிவாக விழவைக்க வேண்டும். லென்சுக்கும் திரைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதினால் வேலை முடிந்தது. காஞ்சிபுரத்தில் தொலைதூரப் பொருளுக்குப் பஞ்சமா? ஜன்னலைத் திறந்தால் கோபுரம். இந்தப் பள்ளியில் படித்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கோபுரத்தைத் தலைகீழாகத் திரையில் பிடித்துத்தான் மதிப்பெண் வாங்கினார்கள். குருக்கள் வீட்டுப் பிள்ளைகளும் பிடித்திருக்கிறார்கள். சாமி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் தமிழாசிரியன். லென்சில் உனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளியில் எதற்குக் கமிட்டி போட்டாலும் தீர்மானத்தைப் பிழையில்லாமல் எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். நடந்ததையெல்லாம் கிட்டத்தில் இருந்து பார்க்கிற பாக்கியம் இப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

போன வருஷம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் வைரவிழாக் கட்டடம் எழும்பியது. கோபுரம் மறைந்தது. கட்டடத்துக்கு முன்னால் பள்ளியின் நிறுவனர் தணிகாசலம் ஐயாவுக்கு ஆளுயரத்தைவிடப் பெரிய சிலை வைத்தார்கள். வெள்ளை வேட்டி, பச்சைச் சால்வை, பொன் பூசிய முகம், ஆசீர்வதிக்கிற வலது கை. வைத்தவர் அவருடைய மகன், எங்கள் தாளாளர் கோதண்டபாணி. ஆக, ஆய்வக ஜன்னலில் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தொலைதூரப் பொருள் இனி ஐயாதான் என்று ஆகிவிட்டது.

இயற்பியல் ஆசிரியை சத்யப்ரியா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, மணி அடிப்பதற்கு முன்னால் ஆய்வகத்தைத் திறந்து, லென்சையெல்லாம் தன் கைக்குட்டையால் துடைத்து வைக்கிற பெண். நாலாவது வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. நிரந்தரப் பணியாணை தாளாளரின் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அடுத்து வந்த ஜூனுக்குள் கையெழுத்து விழவில்லை என்றால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் எந்தப் பள்ளியிலும் அவருக்கு நிரந்தரம் கிடையாது. இதை எங்கள் ஓய்வறையில் தெரியாதவர்கள் இல்லை. தாளாளருக்கும் தெரியும். அதனால்தான் அவர் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார் என்று சிலர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் தாளாளர் சில விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளியைச் சுற்றிக் காட்டினார். ஆய்வகத்துக்குள் நுழைந்த நேரம், சிம்ரன் என்கிற மாணவி திரையை முன்னே பின்னே நகர்த்திக்கொண்டிருந்தாள். பிம்பம் பளிச்சென்று விழுந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மிஸ், ஐயா வந்துட்டாரு மிஸ்! சால்வை கலர் கூட தெரியுது!"

"எங்க, பாக்கலாம்" என்று தாளாளர் பெருமையோடு குனிந்தார். திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஐயா இருந்தார். வேட்டி வெளுப்பாக, சால்வை பச்சையாக, முகம் பொன்னாக. கால் மேலே, தலை கீழே.

தாளாளர் நிமிர நேரமாயிற்று.

"இன்னாம்மா இது?"

"பிம்பம் சார்."

"பிம்பம்னு தெரியுது. எங்கப்பா ஏன் தொங்கிக்கினு இருக்கறாரு?"

"குவிலென்ஸ் சார். மெய்ப் பிம்பம் தலைகீழாத்தான் விழும்."

"யாரு சொன்னது?"

"புக்குல இருக்குது சார்."

"புக்கு எழுதனவன் எங்கப்பாவ பாத்திருக்கறானா?"

சத்யப்ரியா புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் அந்தத் தகவல் இல்லை.

மறுநாள் அவருக்குக் குறிப்பாணை போயிற்று. 'தங்கள் வகுப்பில், தங்கள் மேற்பார்வையில், பள்ளிக்குச் சொந்தமான லென்சைக் கொண்டு நிறுவனர் அவர்கள் தலைகீழாக்கப்பட்டது ஏன் என்பதற்கு உடனே விளக்கம் அளிக்கவும்.' தாளாளர் சொல்லச் சொல்ல எழுதியது நான்தான். ஒற்றுப்பிழைகளை மட்டும் என் பொறுப்பில் திருத்தினேன்.

சத்யப்ரியா அன்று சாயங்காலமே விளக்கம் எழுதிக் கொடுத்தார். ஒளி நேர்கோட்டில் செல்கிறது, மேலிருந்து வருவது லென்சைத் தாண்டிக் கீழே போகிறது, கீழிருந்து வருவது மேலே போகிறது, இதில் ஏழை பணக்காரர் என்ற வேறுபாடு இல்லை என்று எழுதி, பென்சிலால் ஒரு கதிர்ப் படமும் போட்டிருந்தார். அழகான படம். தாளாளர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். "படம் போட்டுத் தப்பிச்சிக்கப் பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டு விசாரணைக் கமிட்டி போட்டார். தலைவர் அவர். உறுப்பினர்கள் தலைமையாசிரியர் யேசுதாஸ், உடற்பயிற்சி ஆசிரியர் பழனி. எழுதுகிறவன் நான். யேசுதாஸ் சார் நல்ல மனிதர். எல்லோருடனும் ஒத்துப்போவார், முக்கியமாகக் கடைசியாகப் பேசியவருடன். பழனியைச் சேர்த்ததற்குக் காரணம், விஷயம் ஒழுங்கு சம்பந்தப்பட்டது என்பது.

முதல் கூட்டம் ஆய்வகத்திலேயே நடந்தது. தாளாளர் பேசினார்.

"எங்கப்பா உயிரோட இருந்தவரைக்கும் யார்கிட்டயும் தலை குனிஞ்சதில்ல. இன்னைக்கு பத்தாங்கிளாஸ் பொண்ணு கையில தலைகீழா நிக்கறாரு. கட்டடம் நான் கட்டனது. லென்சு நான் வாங்கனது. ஜன்னலு நான் வெச்சது. என் ஜன்னல் வழியா உள்ள வர்ற வெளிச்சம் யாரைக் கேட்டுக்கினு தலைகீழாப் போவுது?"

நாங்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளிச்சம் யாரையும் கேட்காமல் வந்துகொண்டிருந்தது.

சத்யப்ரியா மெதுவாகச் சொன்னார். "சார், வேணும்னா தண்ணி டேங்க்கை வெச்சிப் பண்ணிக்கறோம் சார். ஓரமா தெரியுது."

"அப்ப எங்கப்பா எதிர நிக்கறாரு, அவர விட்டுட்டு தண்ணி டேங்க்கைப் பாப்பீங்க. அது அவமானம் இல்லியா?"

இதுதான் சிக்கல். ஐயாவைப் பார்க்கவும் வேண்டும், ஐயா நேராக நிற்கவும் வேண்டும். சத்யப்ரியா இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க விசாரணைக்கு உட்பட்டவங்க, கேட்டா மட்டும் பேசுங்கம்மா" என்று யேசுதாஸ் சார் அன்பாகச் சொன்னார்.

அப்புறம் சோதனைகள் நடந்தன. திரையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார் தலைமையாசிரியர். திரை திரும்பியது, ஐயா திரும்பவில்லை. லென்சைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தார்கள். லென்சுக்கு மேல் எது கீழ் எது என்று தீர்மானிக்கவே பதினோரு மணி டீ வந்துவிட்டது. பழனி பொறுமை இழந்து, விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சுவர் ஓரமாகக் கையை ஊன்றி, படக்கென்று தலைகீழாக நின்றார்.

"சார், நேரா இருக்கறாரு சார்! சூப்பரா இருக்கறாரு!"

கமிட்டி கொஞ்ச நேரம் இந்த வழியையும் யோசித்தது. மாணவிகளின் சீருடையை முன்னிட்டுக் கைவிட்டது. 'உடற்பயிற்சி ஆசிரியரின் நிலையிலிருந்து பார்க்கையில் பிம்பம் நேராக இருப்பது உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது கூட்டத்துக்குள் தாளாளருக்குச் சந்தேகம் பெருகிவிட்டது. லென்சில் இப்படி என்றால் இயற்பியல் புத்தகத்தில் வேறு எங்கெல்லாம் மரியாதைக் குறைவு இருக்கிறதோ? பாடம் பாடமாக வாசிக்கச் சொன்னார். சத்யப்ரியா நின்றுகொண்டு வாசித்தார். நியூட்டனின் மூன்றாம் விதி வந்தபோது தாளாளர் கையைக் காட்டினார்.

"நிறுத்துமா. ஒவ்வொரு விசைக்கும் இன்னா இருக்குது?"

"சமமான எதிர்விசை சார்."

தாளாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். "எதிர்ப்பு இருக்கலாம், யேசுதாஸ். நான் ஜனநாயகவாதி. ஆனா சமமா இருக்கக் கூடாது. இதைப் பசங்களுக்குச் சொல்லும்போது கொஞ்சம் கம்மி பண்ணிச் சொல்லச் சொல்லுங்க."

"கம்மி பண்ணிடலாம் சார்" என்றார் யேசுதாஸ் சார்.

அலைகள் பாடத்தில் எதிரொலி வந்தது. அதைக் கேட்டுத் தாளாளரின் முகம் மலர்ந்தது. "நாம சொன்னதையே திருப்பிச் சொல்லுதா? வேற எதுவும் சேக்காதா? நல்ல பாடம். ஸ்டாஃப் மீட்டிங்ல நடத்துங்க." மின்சாரத்தை நேரமின்மையால் அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிவைத்தோம்.

சத்யப்ரியா அன்று பஸ் நிறுத்தத்தில் என்னிடம் கேட்டார். "சார், நான் இன்னா சார் தப்புப் பண்ணேன்? வெளிச்சத்தை நான் எப்படி சார் திருப்பறது? வீட்ல கேக்கறாங்க, ஆர்டர் இன்னாச்சுன்னு. லென்சு ப்ராப்ளம்னு சொன்னா சிரிக்கறாங்க சார்." ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வாயில் வந்ததெல்லாம் தீர்மானத் தமிழாகவே இருந்தது. பஸ் வந்துவிட்டது.

தீர்வு மூன்றாவது கூட்டத்தில் யேசுதாஸ் சார் வாயிலிருந்து வந்தது. அவராக ஒன்றைச் சொன்னதே அதிசயம்.

"சார், நேரா இருந்தா தலைகீழா விழுது. அப்ப தலைகீழா இருந்தா?"

சிலையைத் திருப்ப முடியாது. ஆனால் ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பலாம். சிலையைப் படம் எடுத்து, கட்டடத்தின் உயரத்துக்கு ஒரு பேனர் அடித்து, சிலை மறைகிற மாதிரி தலைகீழாகக் கட்டிவிட்டால், ஆய்வகத்துத் திரையில் ஐயா நிமிர்ந்து நிற்பார். தாளாளர் முதலில் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பசங்க பாக்கறது திரையைத்தான?"

"ஆமா சார்."

"கவர்மெண்ட்ல இருந்து வர்ற எக்ஸாமினர் பாக்கறதும் திரையைத்தான?"

"ஆமா சார்."

"அப்ப வெளிய எப்படி இருந்தா இன்னா? கட்டுங்க."

'நிறுவனர் அவர்களின் கண்ணியத்தைக் காக்கும் பொருட்டு அவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' நல்ல வாக்கியம் அது. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தன.

சத்யப்ரியாவிடம் ஓர் உறுதிமொழி வாங்கினார்கள். 'என் வகுப்பில் இனிப் பெரியவர்களின் பிம்பம் தலைகீழாக விழாது.' தேர்வன்று பிம்பம் நேராக விழுந்தால் பணியாணையில் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை என்று தாளாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். சத்யப்ரியா உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஆனா சார், ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தார். கமிட்டி கலைந்துவிட்டது.

பேனர் கடைக்காரர், மேலே போடவேண்டிய கயிற்று ஓட்டைகளைக் காலடியில் போடச் சொன்னதும், "எந்தக் கட்சி சார், கண்டனப் போராட்டமா?" என்று விசாரித்தாராம். "கல்வி" என்று பழனி சொல்லிவிட்டு வந்தார்.

தேர்வு நாள் காலையில் பழனி மொட்டை மாடியில் ஏறிப் பேனரைக் கட்டி, கீழ்நுனியைச் சிலைக்கு முன்னால் இழுத்துக் கட்டினார். ஐயா கட்டடத்தின் உச்சியில் கால் வைத்து, மைதானத்து மண்ணில் தலை படுகிற மாதிரி தொங்கினார். கேட்டு வழியாகப் பார்த்தால் ரோடு வரைக்கும் தெரிந்தது. டவுன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "இன்னாப்பா, வாத்தியாருங்க ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆய்வகத்தில் புறத்தேர்வர் காந்தா உட்கார்ந்திருந்தார். வேறு பள்ளியிலிருந்து வந்தவர். ஜன்னலையும் பார்த்தார், எங்கள் முகங்களையும் பார்த்தார். "எனக்குக் குவியத்தொலைவு வந்தா போதும்பா. யாரு தொங்கனா எனக்கின்னா" என்று சொல்லிவிட்டு மதிப்பெண் தாளை எடுத்தார்.

சிம்ரன்தான் முதலில். திரையை நகர்த்தினாள். கட்டைவிரல் அளவுக்கு, பளிச்சென்று, ஐயா நிமிர்ந்து நின்றார். தலை மேலே, கால் கீழே. தாளாளரின் கண் கலங்கிவிட்டது. எனக்குமே என்னவோ போல் இருந்தது. சத்யப்ரியா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றார்.

அப்போதுதான் கீழே இருந்து அந்தச் சத்தம் கேட்டது.

"கோதண்டம்! எங்கண்ணன எவன்டா கட்டித் தொங்கவுட்டது?"

சம்பூர்ணம்மாள். தணிகாசலம் ஐயாவின் கூடப்பிறந்த தங்கை, தாளாளருக்கு அத்தை. வாலாஜாபாத்தில் ரைஸ்மில் நடத்துகிறவர். பள்ளிக்கூடம் நிற்கிற நிலம் அவர் பேரில் இருக்கிறது. கையில் ஒரு பெரிய ரோஜா மாலையோடு ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றார். மாலையைப் பார்த்ததும்தான் எங்கள் நாலு பேருக்கும் சுரீர் என்றது. அன்று ஐயாவின் நினைவு நாள். அவருடைய கௌரவத்தைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் அவர் செத்த நாளை மறந்துபோயிருந்தோம்.

தாளாளர் படியில் பாதி ஓடினார். "அத்தை, வெளிய பாக்காத. மேல வா. உள்ள நேரா இருக்கறாரு."

"உள்ள நேரா இருந்து இன்னாடா? ஊரு உள்ளயா இருக்குது?"

ஆனாலும் ஏறி வந்தார். மூச்சு வாங்க, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரையின் மேல் குனிந்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"ஆமாடா. அண்ணன்தான். மூக்கு அப்படியே இருக்குது." தாளாளர் பெருமூச்சு விட்டார். சம்பூர்ணம்மாள் இன்னும் குனிந்தார். "ஏன்டா, எந்தக் கையைத் தூக்கிக்கினு இருக்கறாரு?"

எல்லோரும் குனிந்தோம். யேசுதாஸ் சார் தன் கையைத் தூக்கி ஒப்பிட்டுப் பார்த்தார். பழனி ஒப்பிட்டார். சந்தேகமே இல்லை. ஐயா இடது கையால் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். தலைகீழாக இருந்தவரை யார் கையைப் பார்த்தார்கள்?

"நாம பேனருக்கு முதுகு காட்டிக்கினு திரையைப் பாக்கறோம்மா. அதனால இடம் வலமாத் தெரியும்" என்றார் சத்யப்ரியா. "நான் அன்னைக்கே சொல்ல வந்தேன். பேசக் கூடாதுன்னுட்டாங்க."

"பீச்சாங்கையால ஆசீர்வாதம் பண்ணுவாராடா எங்கண்ணன்? ஊருக்கே சோறு போட்ட வலது கைடா அது! இதுக்கு எவன்டா பொறுப்பு?"

தாளாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் பழனியைப் பார்த்தார். பழனி என்னைப் பார்த்தார். நான் தீர்மானம் மட்டும் எழுதுகிறவன் என்பதால் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அத்தை, இதுல மனுசனுக்குப் பொறுப்பு ஒண்ணும் கெடையாது. இது ஒளி. நேர்கோட்டுலதான் போவும். மேல இருந்து வர்றது கீழ போவும், கீழ இருந்து வர்றது மேல போவும். ஏழை பணக்காரன் பாக்காது. கவர்மெண்ட் புஸ்தகத்துலயே போட்டிருக்குது. நாம சொன்னா கேக்குமா அது?"

சத்யப்ரியாவின் விளக்கக் கடிதத்தை அவர் படித்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவ்வளவும் தெரிஞ்சிக்கினுதான் அண்ணன அங்க கட்டுனியா?" என்றார் சம்பூர்ணம்மாள். தாளாளர் லென்சைத் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம் உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"இவங்கதான் அத்தை. சத்யப்ரியா. தங்கமான டீச்சரு."

"பர்மனெண்டா?"

காந்தா கூட எழுதுவதை நிறுத்தினார்.

"கையெழுத்துதான் பாக்கி" என்றார் தாளாளர்.

"ஏன், பேனா இல்லியா உங்கிட்ட?"

பேனா காந்தா கொடுத்தார். பணியாணையை எடுத்து வரப் பழனி ஓடிய ஓட்டம், மாவட்டப் போட்டியில் ஓடியிருந்தால் கோப்பை வந்திருக்கும். லென்சுகள் வைக்கிற மேஜையின் மேலேயே கையெழுத்து விழுந்தது. சத்யப்ரியா அதை வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குவியத்தொலைவு சரியா இருக்குது. அடுத்த பொண்ணு வாம்மா" என்றார் காந்தா. பேனரைக் கழற்றினார்கள். மாலை சிலைக்குப் போயிற்று. மீதிப் பிள்ளைகள் மாலையோடு ஐயாவைத் தலைகீழாகவே பிடித்து முடித்தார்கள்.

ஆனால் நிர்வாகம் தோற்றதாக இருக்கக் கூடாதே. ஜூனில் பள்ளி திறந்தபோது ஆய்வக வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தது. 'இந்த ஆய்வகத்தில் மெய்ப் பிம்பங்கள் தலைகீழாக விழுவதற்கு நிர்வாகம் அனுமதி வழங்கியுள்ளது. இந்த அனுமதி மறு உத்தரவு வரும்வரை செல்லும். தாளாளர்.' வாசகம் என்னுடையது.

சத்யப்ரியா இப்போது ஓய்வறையில் ஜன்னலோரம் உட்காருகிறார். அது நிரந்தரமானவர்களின் வரிசை. போன வாரம் என்னிடம் வந்து கேட்டார்.

"சார், கரண்ட் பாடம் வருது. எலக்ட்ரான் மைனஸ்ல இருந்து பிளஸ்ஸுக்குப் போவுது. ஆனா கரண்ட் பிளஸ்ல இருந்து மைனஸுக்குப் போவுதுன்னுதான் நாங்க அம்பு போடணும். இதுக்கு ஆபீஸ்ல கேக்கணுமா சார்?"

நான் வெள்ளைத்தாளை எடுத்தேன். 'பொருள்: எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் செல்ல அனுமதி கோருதல்' என்று எழுதி அடிக்கோடு இட்ட பிறகுதான், அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் கவனித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூரிய வெளிச்சமே அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே வருகிற பள்ளிக்கூடம் இது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நகலும் எடுத்து வைத்தேன்.